சுங்கை சிப்புட் நாட்குறிப்பு: பழத்தை விற்றவர் யார்?

முதல் நாள், வியாழன்

கே.எல். சென்ட்ரலில் காலை இ.டி.எஸ். ரயில் ஏறி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வந்துவிட்டேன். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகள் ஜன்னலை விட்டு விலகினால் அப்புறம் செம்பனைதான், வரிசை வரிசையாக. என் பாட்டி ரப்பர் பால் வெட்டிய தோட்டம் இந்த ஊரிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் இருந்தது. அவர் இருந்தவரை ஒரு தடவைகூட நான் இங்கு வந்ததில்லை. அது மனசில் ஒரு முள்ளாகவே இருக்கிறது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தோழி இங்குள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் டீச்சர். பள்ளி விடுமுறையில் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் 14 பேரைச் சேர்த்து, கலை பண்பாட்டுச் செய்திகளைப் படித்துச் சொந்தமாக எழுத ஒரு பட்டறை வைத்திருக்கிறாள். இடம் கோயில் மண்டபம். நான் பல வருஷமாக ஞாயிறு பதிப்புகளுக்குக் கலைச் செய்தி எழுதுகிறவள் என்பதால் கூப்பிட்டாள். ஆளுக்கொரு செய்தி கொண்டுவரச் சொல்லியிருந்தோம். அண்மைய சில ஆண்டுகளில் வந்ததாக இருக்க வேண்டும், சினிமா நட்சத்திரத்தின் கல்யாணம் காதுகுத்து கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

செய்தித்தாளில் வெட்டிக் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் கைப்பேசியில் வைத்திருந்தார்கள். அதில் தவறில்லை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-இல் நின்றுபோய்விட்டது. அந்தப் பேப்பரை என் தாத்தா சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாராம், எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். அம்மா சொல்லித்தான் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் கைப்பேசிக்குள் இருக்கிறது, ஆனால் சுற்றி யாரும் இல்லை. அதனால்தான் மண்டபத்தில் பாய் விரித்து வட்டமாக உட்காரவைத்தோம்.

முதல் சுற்றில் எழுதியதை வாங்கிப் பார்த்ததும் எனக்குச் சோர்வு வந்துவிட்டது. "இச்செய்தி என் மனத்தை மிகவும் கவர்ந்தது. கலை என்பது ஒரு நாட்டின் கண்ணாடி ஆகும். ஆகவே நாம் அனைவரும் கலையைப் போற்ற வேண்டும்." 14 தாளில் 11 தாள் இப்படி. எஸ்.பி.எம். தேர்வுக் கட்டுரைக்குப் பழக்கிய கை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், மதிப்பெண் அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் அந்த வாக்கியங்களை எழுதும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். செய்தி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், நடுவில் ஓர் ஆறு.

"நாளைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்" என்று சொல்லி அனுப்பினேன். "இந்தச் செய்தி உங்க வீட்டுக்குள்ள வந்தா எங்க போய் உட்காரும்? அடுப்படியிலயா, வாசல்லயா, தாத்தா கட்டில்லயா? அதை மட்டும் யோசிச்சிட்டு வாங்க."

இரவு தோழியோடு ஊரைச் சுற்றினேன். 1948 ஜூன் 16-இல் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயாவில் 1960 வரை நீண்ட அவசரகாலமும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலையை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்ததைத் தோழி பெருமையோடு சொன்னாள். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவரும் சம்பந்தன்தான். என் பாட்டியும் அதில் பங்கு சேர்ந்திருந்தார். வெட்டிய மரம் தனக்கும் சொந்தம் என்று ஒரு தடவையாவது அவருக்குத் தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். கை வலிக்கும்வரை எழுதுகிறேன்.

நான்காம் படிவப் பையன் ஒருவன் வாழைப்பழச் செய்தியை எடுத்துவந்திருந்தான். இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலன் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் வெள்ளி நிற டேப்பால் ஒட்டி 2019-இல் மயாமியில் காட்சிக்கு வைத்தார். அதன் ஒரு பிரதி 2024 நவம்பர் 20 அன்று நியூயார்க்கில் சோதபீஸ் ஏலத்தில் 62 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. நம் காசில் அப்போது 27 மில்லியன் வெள்ளிக்கு மேல். வாங்கிய கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் சில நாளில் ஹாங்காங்கில் நிருபர்கள் முன்னால் அதை உரித்துச் சாப்பிட்டார். வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும் ஒட்டும் முறைக் குறிப்பும்தான், பழம் கெட்டால் வேறு பழம் மாட்டிக்கொள்ளலாம்.

மண்டபம் சிரித்தது. பையன் சிரிக்கவில்லை. வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு பிசாங் பெராங்கான் கொண்டுவந்திருந்தான், தரையிலிருந்து குறிப்பில் சொன்ன உயரத்தை அளந்து ஒட்ட வேண்டும் என்றான். அந்தக் குறிப்பும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சுவரில் ஒட்டினால் சுண்ணாம்பு பொரிந்து டேப்போடு பெயர்ந்து வந்தது. இரண்டு தடவை பழம் கீழே விழுந்தது. மூன்றாவதாகச் சிமெண்டுத் தூணைத் துணியால் துடைத்து ஒட்டினான். நின்றது. காம்பில் வெட்டின இடத்தில் கறை இன்னும் ஈரமாக இருந்தது, அது டேப்பின் ஓரத்தில் இறங்கிப் பழுப்பாகக் காய்ந்தது. நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்தோம். தினமும் பார்க்கிற பழம். அப்படி யாரும் பார்த்ததில்லை.

கூட்டிப் பெருக்க வந்த ஆயா நின்றார். "இது சாமிக்கு வச்சதா, தூணுக்கு வச்சதா?" ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. நல்ல கேள்விக்கு உடனே பதில் வராமல் இருப்பது நல்லதுதான்.

2023-இல் தென்கொரியாவின் சோல் நகரத்து லியம் அருங்காட்சியகத்தில் இதே பழத்தை ஒரு பல்கலைக்கழக மாணவர் எடுத்துத் தின்றுவிட்டு, தோலைத் திரும்ப ஒட்டிவைத்தார். காலையில் பசியாறவில்லை, பசித்தது என்று காரணம் சொன்னார். அதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அவரு செஞ்சதுதான் ரெஸ்பான்ஸ்" என்றான் ஒருவன். அது சரியா தப்பா என்று பத்து நிமிஷம் சண்டை. அதற்குள் மூலையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவள் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார்.

"அக்கா, அந்தப் பழத்த வித்தவருக்கு எவ்வளவு கிடைச்சுச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் வந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. பதில் தெரிந்திருந்தது, ஏனென்றால் அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. ஏலத்துக்குப் போன பழம் அன்றைக்குக் காலையில் நியூயார்க் தெருவோரப் பழக்கடையில் 35 சென்டுக்கு வாங்கியது. விற்றவர் வங்காளதேசத்திலிருந்து போன வயதானவர், கடை அவருடையதுகூட இல்லை, மணிக்குக் கூலி. பழம் எத்தனைக்குப் போனது என்று நிருபர் சொன்னபோது அவர் அழுதுவிட்டார்.

அந்தப் பெண் அரைமணி நேரத்தில் எழுதியதை அவள் அனுமதியோடு தருகிறேன்: "எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் அண்ணன்களில் பலர் வங்காளதேசத்தவர்கள். மாலையில் எங்கள் வீட்டு வாசலில் கைப்பேசியில் மகளோடு பேசுவார்கள். அம்மா தண்ணீர் கொடுப்பார். அவர்கள் பேசும் மொழி எனக்குப் புரியாது, ஆனால் 'பாபா' என்று மகள் கூப்பிடுவது கேட்கும். பழம் விற்ற தாத்தாவுக்கும் அப்படிக் கூப்பிடும் மகள் இருக்கலாம். செய்தி அவர் அழுததோடு முடிகிறது. அவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளிடம் என்ன சொன்னார் என்று நான் யோசிக்கிறேன்."

கண்ணாடி இல்லை, போற்ற வேண்டும் இல்லை. நான் எழுதும் கலைப் பக்கத்தில் இந்த நாலு வரிக்கு இடம் கொடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கொடுக்க வேண்டும். இனி கொடுப்பேன்.

மதியத்துக்குப் பிறகு குரல் செய்தி வந்தது. லால் சலாம் படத்தின் ஒரு பாட்டில் மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலிக்கவைத்தது 2024 தொடக்கத்தில் பெரிய பேச்சாக இருந்தது. ஷாகுல் ஹமீது 1997-இலும் பம்பா பாக்யா 2022-இலும் போய்ச் சேர்ந்தவர்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாக ரகுமான் அப்போதே சொல்லிவிட்டார்.

இதைக் கொண்டுவந்தவன் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிற பையன். இடது உள்ளங்கையில் குச்சி பிடித்த காய்ப்பு. அவன் தாத்தா தைப்பூசத்துக்குக் காவடிப் பாட்டுப் பாடுவாராம். ஒரு கேசட் இருக்கிறது, வீட்டில் அதை ஓட்ட மிஷின் இல்லை.

"அந்த மாதிரி செஞ்சு தாத்தாவப் பாடவச்சா நல்லா இருக்குமா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "தாத்தா ரெண்டாவது அடிக்கும் மூணாவது அடிக்கும் நடுவுல இருமுவாரு அக்கா. பால் வெட்டுறப்ப பனியில போயி வந்த இருமல். ஆளுங்க அந்த இருமலுக்குக் காத்திருந்துதான் 'அரோகரா' போடுவாங்க. கம்ப்யூட்டரு இருமுமா?"

சொன்னால் இருமும் என்றாள் பக்கத்தில் இருந்தவள், அவளுக்குக் கணினி தெரியும். "ஆனா யாராவது சொல்லணும். அவருக்கு இருமல் இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லணும்."

இன்னொருத்தி அனுமதியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் குடும்பத்துங்ககிட்ட கேட்டாங்க, காசும் கொடுத்தாங்க. நம்ம பாட்டி பாட்ட யாராச்சும் போன்ல எடுத்துப் போட்டா நம்மகிட்ட கேப்பாங்களா?" ரகுமான் செய்ததில் எனக்கு மரியாதை வருவது அந்த இடத்தில்தான். இறந்தவரின் குரலுக்கும் கூலி உண்டு என்று ஒரு பெரிய இசையமைப்பாளர் நடந்து காட்டியிருக்கிறார். தோட்டத்தில் கூலி என்ற வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

என் பாட்டிக்கும் ஒரு தாலாட்டு இருந்தது. பதிவு செய்ய நினைத்து, அடுத்த தீபாவளிக்கு என்று தள்ளி, தள்ளி, விட்டுவிட்டேன். இதைப் பிள்ளைகளிடமும் சொன்னேன். உறுமிப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், பெரியவர்கள் பார்ப்பது போல.

மூன்றாம் நாள், சனி

காலை ஆறரைக்கே டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். காரணம் இன்னொரு தாள். மலேசியர்களின் காலை உணவுப் பண்பாடு 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது: நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக், பல இனத்தவரும் ஒரே மேசையில் பசியாறும் வழக்கம். கெபாயா உடையும் அதே கூட்டத்தில் ஏறியது, அது ஐந்து நாடுகள் சேர்ந்து கேட்டது. ரொட்டிச் செய்தியை எடுத்தவனின் அப்பா இந்தக் கடையில்தான் ரொட்டி போடுகிறார்.

முதல் நாள் இரவே பிசைந்து உருட்டி, மார்ஜரின் பூசித் தட்டில் அடுக்கிவைத்த மாவு உருண்டைகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையால் தட்டிப் பரப்பினார். ஓரத்தைப் பிடித்து வீசினார், மாவு காற்றில் விரிந்து கல்மேடையில் விழுந்தது. மறுபடி வீச்சு. நாலாவது வீச்சில் மாவுக்கு அப்பால் அவர் பெருவிரல் நிழலாகத் தெரிந்தது. அவ்வளவு மெல்லிசு. மடித்துக் கல்லில் போட்டு, வெந்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து உதறினார், அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. பக்கத்து மேசையில் ஒரு மலாய்க் குடும்பம், அதற்கடுத்து மூன்று சீனத் தாத்தாக்கள், அப்புறம் நாங்கள். பட்டியலில் சொன்னபடியே இருந்தது.

மகன் எழுதியது இது: "அப்பா நாலு மணிக்கு எழுவார். ஊரே பசியாறி முடித்த பிறகு பதினொரு மணிக்குத்தான் அவர் பசியாறுவார், அதுவும் நின்றுகொண்டே. ஒரே மேசையில் எல்லாரும் உட்காரும் பண்பாடு இது என்று செய்தி சொல்கிறது. அப்பா அந்த மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை."

இதை அவன் அப்பாவிடம் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காட்டவில்லை. ஆனால் தோழி அவரிடம் யுனெஸ்கோ செய்தியைச் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ரொட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். உலகப் பட்டியலில் ஏறி இத்தனை நாளாகியும், ரொட்டி போடுகிறவர் காதுக்கு அந்தச் செய்தி இப்போதுதான் வந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. கலைச் செய்தி எழுதுகிற நாங்கள் யாருக்காக எழுதிக்கொண்டிருந்தோம்?

சாயங்காலம் பாட்டியின் தோட்டம். பால்மரம் ஒன்றும் இல்லை, முழுக்கச் செம்பனை. லயம் இருந்த இடத்தில் சிமெண்டுப் படி மூன்று மட்டும் புல்லுக்குள் நிற்கிறது. மழை வந்ததால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

கடைசி நாளுக்கென்று ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி தன் தாளை ஒளித்துவைத்திருந்தாள். பானு முஷ்டாக்கின் கன்னடச் சிறுகதைகள் தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற செய்தி. 12 கதைகள். சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை, கன்னடத்துக்கும் முதல் தடவை. பரிசுப் பணம் 50,000 பவுண்டு, எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி.

அந்தச் சரிபாதியைத்தான் அவள் வட்டம் போட்டிருந்தாள். "நானும் மொழிபெயர்ப்பாளர்" என்று ஆரம்பிக்கிறது அவள் எழுத்து. பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது அவள்தான். பாட்டி தமிழில் சொல்வதை மலாயில் டாக்டருக்கும், டாக்டர் சொல்வதைத் தமிழில் பாட்டிக்கும் மாற்றுகிறாள். "பாட்டி 'நெஞ்சு கரிக்குது' என்றார். எனக்கு மலாயில் வார்த்தை தெரியவில்லை, 'சாக்கெட் டாடா', நெஞ்சு வலி, என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பதறி இதயப் பரிசோதனை எழுதினார். நான் சொன்ன ஒரு வார்த்தையால் பாட்டி இரண்டு மணி நேரம் பயந்தார்." நெஞ்சு கரிப்பதற்கு மலாயில் 'பெடே உலு ஹாத்தி' என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டாளாம்.

அதற்கடுத்த பத்தியை நான் மூன்று தடவை வாசித்தேன். "ஹாத்தி என்றால் மலாயில் ஈரல். மனசுக்கும் அதே வார்த்தைதான். பாட்டி பயந்தால் 'ஈரக்குலையே நடுங்குது' என்பார். மலாய்க்காரர்களும் பாட்டியும் மனசை ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு பக்கமும் பேசிப் பேசி நானே கண்டுபிடித்தேன்."

தீபா பாஸ்தி தன் மொழிபெயர்ப்பில் கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்தில் பிரித்துக் காட்டாமல் அப்படியே விட்டதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைச் சொன்னேன். "அப்ப நானும் 'ஈரக்குலை'யை அப்படியே விடலாமா அக்கா?" என்றாள். விடு என்றேன்.

தூணில் இருந்த பழம் மூன்று நாள் உஷ்ணத்தில் கறுத்து, எறும்பு ஏறி, காலையில் தானாகவே விழுந்திருந்தது. ஆயா எடுத்துச் செம்பருத்திச் செடிக்கு உரமாகப் போட்டுவிட்டார். டேப் மட்டும் நின்றது. பையன் அதன் கீழே ஒரு சின்ன அட்டை ஒட்டினான். அருங்காட்சியகத்தில் ஓவியத்துக்குப் பக்கத்தில் இருக்குமே, அந்த மாதிரி. கலைஞர் பெயர், ஆண்டு, விலை ஒன்றும் இல்லை. "கன்று நட்டது: என் பாட்டி. தண்ணீர் ஊற்றியது: என் அம்மா. குலை வெட்டியது: நான்."

ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் உறுமிப் பையன் ஸ்டேஷனுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தான். பிளாஸ்டிக் பைக்குள் பை சுற்றிய கேசட். ஒட்டின காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் "காவடி, அப்பா பாடினது" என்று இருந்தது, அவன் அப்பாவின் கையெழுத்தாம். ஒரு ஓரத்தில் டேப்பின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது.

"ஓட்டிப் பாத்துட்டு, இருமல் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க அக்கா."

பெட்டியில் வைக்க மனசு வரவில்லை. மடியில்தான் வைத்திருக்கிறேன், தஞ்சோங் மாலிம் தாண்டிவிட்டோம். கிள்ளான் பக்கத்தில் யாரிடமாவது நல்லபடி ஓடுகிற கேசட் பிளேயர் இருந்தால், பூஞ்சை துடைக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.